ஓலை வாசிக்கிற ஞாயிறு

பிப்ரவரி 6, வியாழன்

காலைல ஒரே பனி. சாம்பியன் ஸ்டேஷன்ல ட்ரெயினோட லைட்டு தெரிஞ்சுது, ட்ரெயின் தெரியல. ஜெ. மாரிக்குப்பத்துலயே ஏறி எனக்கு ஜன்னலோரம் டிபன் பையைப் போட்டு வெச்சிருந்தாரு. பதினோரு வருஷமா அந்தப் பைதான் எனக்கு இடம் புடிக்குது. 'உக்காருங்க'ன்னாரு. இன்னும் 'ங்க'தான். கல்யாணத்துக்கு அப்புறமாவது போவுதான்னு பாக்கணும்.

ஃபாக்டரில இன்னிக்கு சட்டை காலர் செக்கிங். ஒரு லாட் மொத்தமும் கோணல். பக்கத்து டேபிள் மஞ்சுளா ஓலைன்னா இன்னான்னு கேட்டா. சொன்னேன்: எங்க சர்ச்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு ரெண்டு பேரு பேரையும் சத்தமா வாசிப்பாங்க, யாருக்காவது தடை இருந்தா எழுந்து சொல்லுங்கம்பாங்க. யாராவது எழுந்தா? எழுந்தா வம்புதான்னேன். அப்போ ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கலாமேன்னா. கட்டிக்கலாம். ஆனா எனக்கு ஞானஸ்நானம் குடுத்த சர்ச்சு அது. நாப்பது வருஷமா பெருக்கித் துடைச்ச சர்ச்சு. ஒளிஞ்சு போய் கட்டிக்க நான் இன்னா திருட்டு வேலையா பண்றேன்?

நேத்து பாஸ்டர் ஃபாரம் வாங்கிக்கினாரு. ஓலை 9, 16, 23. கல்யாணம் 27. அதைத் தாண்டினா லெந்து நோன்புக் காலம் வந்துடும், ஈஸ்டர் வரைக்கும் சர்ச்ல கல்யாணம் கிடையாது.

ஃபாரத்துல ஜெ. பேருக்குப் பக்கத்துல 'பேச்சிலர்'. ஐம்பத்தெட்டு வயசு பேச்சிலர். எனக்கு 'கைம்பெண்'. வெறும் கிரேஸ் மேரின்னு வாசிச்சா போதாதான்னு கேட்டேன். அச்சடிச்ச ஃபாரம்மா, நான் இன்னா பண்றதுன்னாரு.

இன்னொண்ணு. ஓலை வாசிக்கிற ஞாயிறு பொண்ணும் மாப்பிள்ளையும் சர்ச்சுக்கு வரக்கூடாதாம், கண்ணு பட்டுடுமாம். இது எங்க சபைல மட்டும் இருக்குற பழக்கம். பைபிள்ல எந்த அதிகாரம்னு பக்கத்து வீட்டு ராணியைக் கேட்டேன். 'வாயைக் கொடுக்காம வூட்டுல இரு'ன்னா. ஐம்பத்தோரு வயசுல எனக்குப் பொண்ணு வேஷம்.

கேஸ் புக் பண்ணணும். பிளவுஸ் தைக்கக் குடுக்கணும். முட்டி வலி தைலம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பனி இல்ல. மனசுதான் எரிஞ்சுது.

வேலைலேருந்து வந்து செருப்பு கழட்டல, டேவிட் வந்துட்டான். செத்துப்போன என் புருஷன் சாமுவோட தம்பி. எப்பவும் 'வந்தாரு'ன்னுதான் எழுதுவேன், இன்னிக்கு அந்த மரியாதை கையில வரல. உக்காரச் சொன்னேன், உக்காரல. சபை கமிட்டி செயலாளர் ஆனதுலேருந்து எங்கயும் நின்னுக்கினுதான் பேசுறான்.

சொன்னதெல்லாம் பழைய பாட்டு. இந்த வயசுல தேவையா, ஊர் சிரிக்கும், ட்ரெயின்ல பேசிக்கினு வந்ததே போதாதா. எல்லாத்துக்கும் சும்மா இருந்தேன். அப்புறம் கல்லறைப் பேச்சுக்கு வந்தான்.

'அண்ணனுக்குப் பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டுக்கீறோம் அண்ணி. கல்லுலகூட பேரு வெட்ட இடம் கீது. அது இன்னா ஆவறது?'

அது நிஜம். சாமுவை அடக்கம் பண்ணின வாரமே கல்லு வெச்சான். சாமு பேருக்குக் கீழ பளபளன்னு ஒரு முழ நீளத்துக்குக் காலி. என்னை யாரும் கேக்கல. பன்னெண்டு வருஷமா ஈஸ்டர் விடியக்காலைல மெழுகுவத்தி ஏத்தப் போறப்பல்லாம் அந்தக் காலி இடத்தைப் பாத்துட்டு வர்றேன். உயிரோட இருக்குறவளுக்கு ரிசர்வேஷன்.

'காலியா இருந்தா கண்ணை உறுத்துதுன்னா நீங்களே உங்க பேரை வெட்டிக்குங்க தம்பி'ன்னு சொல்லிட்டேன்.

மூஞ்சி செவந்துடுச்சு. போறப்போ வாசல்ல நின்னு, ஞாயித்துக்கிழமையாவது வெளிய தலை காட்டாம வீட்டோட இருங்கன்னான்.

அவன் தெருமுனை திரும்பறதுக்குள்ள ஜெ.-க்கு போன். பெங்களூரு தாண்டி ராட்டினமெல்லாம் வெச்ச பெரிய பார்க் ஒண்ணு கீதே, ஞாயித்துக்கிழமை போலாமான்னு கேட்டேன்.  'சாப்பாடு கட்டிக்கலாமா, அங்கயே சாப்புட்டுக்கலாமா?'ன்னாரு. இதனாலதான் இந்த மனுஷனைப் புடிக்குது. எதுக்குன்னு கேக்க மாட்டாரு.

பிப்ரவரி 8, சனி

எடுத்துக்கணும்: மாத்துத் துணி (தண்ணி ராட்டினம் கீதாம்), துண்டு, பிரஷர் மாத்திரை, குடை, புளிசாதம், ஆதார்.

சேலையா சுடிதாரான்னு ஒரு மணி நேரம். சேலையைத் தண்ணில விட மாட்டாங்களாம், மஞ்சுளா சொன்னா. ராபர்ட்சன்பேட்டை போய் ஒரு சுடிதார் வாங்கினேன், மஞ்சள். கடைக்காரம்மா பொண்ணுக்கான்னு கேட்டாங்க. ஆமா, பொண்ணுக்குத்தான்னேன்.

ராணிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்: சர்ச்ல நடக்கறதை ஒண்ணு விடாம கேட்டு வந்து சொல்லு. டேவிட் சும்மா இருக்க மாட்டான்னு ராணி சொல்றா. எனக்கும் தெரியும்.  பயமில்லன்னு எழுதினா பொய்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ட்ரெயின்ல திரும்பி வந்துக்கினே எழுதறேன், அதான் எழுத்து ஆடுது. ஜெ. எதிர்ல தூங்குறாரு, வாய் தொறந்து கீது. ஐஸ்கிரீம் கறை மீசைல.

காலைல முதல் ட்ரெயின். அப்புறம் மெட்ரோ, அப்புறம் பஸ். பத்தே முக்காலுக்கு கேட்டு முன்னாடி. செக்கிங்ல புளிசாதம் மாட்டிக்கிச்சு. வெளிச் சாப்பாடு உள்ள போகாதாம். போட்டுட்டுப் போங்கன்னாரு செக்யூரிட்டி. சோத்தையா? ஜெ. அவருகிட்ட தானும் செக்யூரிட்டின்னு சொன்னாரு, எந்த கம்பெனின்னு ரெண்டு பேரும் பேசிக்கினாங்க, ஒண்ணும் நடக்கல. கேட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கினே ரெண்டு டப்பாவையும் காலி பண்ணினோம். வரிசைல நிக்குற ஜனமெல்லாம் பாக்குது. பாக்கட்டும்னு அப்பளத்தைக்கூட விடல.

போனை லாக்கர்ல வெச்சுடணும்னாங்க. அதுதான் கஷ்டமா இருந்துது. பத்தரைக்கு ஆராதனை, பிரசங்கம் முடிஞ்சு அறிவிப்பு வர பன்னெண்டு ஆகும். ராணி போன் பண்ணுவா. ஜெ. என் மூஞ்சியைப் பாத்துட்டு, 'நாம கையில வெச்சிருந்தாலும் அங்க நடக்கறதுதான் நடக்கும்'ன்னு லாக்கரைப் பூட்டிட்டாரு. சாவி என் மணிக்கட்டுல, ரப்பர் வளையத்துல.

முதல்ல குதிரை ராட்டினம். சின்னப் பசங்களுக்குன்னு நெனச்சேன், பெரியவங்களும் ஏறினாங்க. அடுத்து கப்பல். முன்னாடியும் பின்னாடியும் ஆடி ஆடி புளிசாதம் தொண்டைக்கு வந்துடுச்சு. பின்னாடி சீட்ல ஒரு அம்மா 'முருகா முருகா'ன்னு கத்தினாங்க, நான் 'இயேசுவே'ன்னு கத்தினேன். இறங்கினதும் ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கினு சிரிச்சோம். யாருன்னே தெரியாது.

சாமு ஞாபகம் வந்துது. அவனுக்கு ராட்டினம் ஆகாது. ராபர்ட்சன்பேட்டை எக்ஸிபிஷனுக்குப் போனா நான் மட்டும் ஏறுவேன், அவன் கீழ என் செருப்பை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கினு அண்ணாந்து பாத்துக்கினு நிப்பான். நல்ல மனுஷன். அதை டேவிட் எனக்குச் சொல்லித் தர வேணாம். கொஞ்ச நேரம் பெஞ்சுல உக்காந்து அழுதேன். ஜெ. ஒண்ணும் கேக்காம தண்ணி பாட்டில் வாங்கி வந்து குடுத்தாரு.

அப்புறம் டவர். உசரமான கம்பம், சுத்தி சீட்டு, மேல இழுத்துக்கினு போய் பொத்துன்னு விடறாங்க. நான் ஏறலாம்னேன். ஜெ. முகம் மாறிடுச்சு.

எங்க ஊரு தங்கச் சுரங்கம் மூடுற வரைக்கும் ஷாஃப்ட் குழி வாய்ல நின்னு ஆளுங்களை எண்ணி எண்ணி கூண்டுல ஏத்தி விட்டவரு. கேஜ்னுதான் சொல்வாரு. பதினஞ்சு வருஷம். அப்படிப்பட்டவரு, சுரங்கம் மூடினதுலேருந்து லிஃப்டுலகூட ஏறல, ஏழு மாடின்னாலும் படிதான், அதை இன்னிக்குத்தான் சொல்றாரு. ஏன்னு கேட்டேன். 'மணி அடிக்காம இறக்குறாங்க, அது எனக்கு ஒத்துக்கல'ன்னாரு.

சரி, செருப்பைக் குடுங்க, நான் கீழ நின்னு புடிச்சுக்கறேன்னேன். சும்மா கேலிக்கு. விறுவிறுன்னு வரிசைல போய் நின்னுட்டாரு.

பெல்ட் போட வந்தது ஒரு பொம்பளை, நாப்பது வயசு இருக்கும், நீல யூனிஃபார்ம், கன்னடம். ஜெ. விடல. எஷ்டு ஜன, எத்தினி பேருன்னு கேட்டாரு. ஹன்னெரடுன்னா அந்தம்மா. இல்ல, ஹன்னொந்துன்னாரு இவரு. அந்தம்மா சுத்தி வந்து எண்ணினா, பதினொண்ணுதான். கடைசி நேரத்துல ஒரு ஆளு பயந்து இறங்கிட்டாரு, காலி சீட்டு. பெல்ட்டை இழுத்து மாட்டி, கையில இருந்த பேப்பர்ல பன்னெண்டை அடிச்சு பதினொண்ணுன்னு எழுதினா. 'கரெக்ட் சார்'னா. ஜெ. முகத்துல அப்போ வந்த திருப்தியை நான் பதினோரு வருஷத்துல பாத்ததில்ல.

அதோட விட்டாரா. மணி அடிங்கன்னாரு. எந்த மணின்னு அந்தம்மா முழிக்கிறா. பக்கத்து சீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. எனக்கு மானம் போவுது. ஆனா விளக்கம் சொல்லிட்டுத்தான் விட்டாரு: கூண்டுல கல்லு மண்ணு போனா வேற மணி. ஆளு ஏறினா மூணு. மூணு அடிச்சுட்டா கூண்டை இழுக்குற எஞ்சின் டிரைவருக்கு உள்ள உசுரு இருக்குதுன்னு தெரியும், அதுக்கப்புறம் எந்த மேஸ்திரி வந்து கத்தினாலும் நிறுத்த மாட்டான். அந்தம்மா தலையாட்டிட்டுப் போயிட்டா. இவரு தானே முன்னாடி இருந்த கம்பியில விரல் முட்டியால தட்டினாரு. டொக், டொக், டொக்.

'ஆளு ஏறியாச்சு'ன்னாரு.

மேல போனோம். வாட்ச்ல பன்னெண்டு அஞ்சு. உச்சில நிறுத்தினாங்க. கால் அந்தரத்துல. அங்க பாஸ்டர் கண்ணாடியைத் தொடச்சு மாட்டிக்கினு ஓலையை எடுத்திருப்பாரு. தடை உண்டான்னு எல்லாரையும் கேப்பாங்க. எங்க ரெண்டு பேரைத் தவிர ஊரையே கேப்பாங்க. அந்தக் கோவம் எங்கேருந்து வந்துதோ, வாயைத் தொறந்து கத்தினேன், 'எனக்குத் தடை இல்ல!'

'வாயை மூடு நீ, நாக்கைக் கடிச்சுக்கப் போற'ன்னு பக்கத்துலேருந்து ஒரு குரல்.

நீ! பதினோரு வருஷத்துல முதல் நீ. அதை ரசிக்கறதுக்குள்ள கீழ விட்டுட்டாங்க.

இறங்கறப்போ போட்டோ எடுக்கறாங்க, டிவில காட்டறாங்க, வேணும்னா வாங்கலாம். என் வாய் குகை மாதிரி, விழுந்த பல்லு இடமெல்லாம் தெரியுது, தலைமுடி நட்டுக்கினு கீது. அவரு கண்ணை இறுக மூடிக்கினு என் கையைப் புடிச்சிருக்காரு. வேணாம்னாரு. அட்டை ஃபிரேம் போட்டு வாங்கிட்டேன்.

மத்தியானம் பஃபே ஓட்டல். பேரு தெரியாத ஐட்டம் எட்டு. பிரியாணின்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, நம்ம ஆண்டர்சன்பேட்டை ஆளு பாத்தா கண்ணீர் விடுவான். கோபி மஞ்சூரி நல்லா இருந்துது, மூணு வாட்டி போட்டுக்கினேன். பெரிய மீசை வெச்ச சர்வர், தமிழ் ஆளு, ஆனிவர்சரியா மேடம்னு கேட்டாரு. இன்னும் கல்யாணமே ஆகலன்னேன், கொஞ்சம் சத்தமாவே. ஜெ. தட்டுக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கினாரு. மீசைக்காரரு சிரிக்கல. உள்ள போய் ஒரு கிண்ணம் குலாப்ஜாமூன் கொண்டாந்து வெச்சு, 'இது என் கணக்கு'ன்னுட்டுப் போனாரு.

தண்ணி ராட்டினம் ரெண்டு. முட்டி ஒத்துழைச்சுது. நாலரைக்கு லாக்கர் தொறந்தோம். ராணி பதினோரு வாட்டி கூப்பிட்டிருந்தா.

காபி ஓட்டல்ல உக்காந்து தோசை சொல்லிட்டு போன் பண்ணினேன். பாஸ்டர் வாசிச்சாராம். டேவிட் எழுந்தானாம். கல்லறை இடம் பத்திச் சொன்னானாம், அண்ணன் பேரு, குடும்ப மானம் எல்லாம். கல்லறைல இடம் இருக்கறது தடை ஆகாது தம்பின்னு பாஸ்டர் சொன்னாராம். அதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். டேவிட் சபை விதியை எடுத்துக்கினானாம்: குடும்பத்துல ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டு எழுத்துல தடை குடுத்தா கமிட்டிக்குப் போகணும். பாஸ்டர் அதுக்கு ஆமான்னுட்டாராம். அடுத்த ஞாயிறு கொண்டாங்கன்னாராம்.

கமிட்டில டேவிட் செயலாளர். அங்க போன பேப்பர் திரும்பாது. லெந்து வரும், ஈஸ்டர் வரும், அடுத்த லெந்தும் வரும்.

ரெண்டு கையெழுத்துல ஒண்ணு டேவிட். இன்னொண்ணு? எனக்குப் புள்ளை இல்ல, மாமியார் மாமனார் இல்ல. மிச்சம் டேவிட் பொண்டாட்டி சுகுணா. என் ஓரகத்தி. இருவத்து மூணு வருஷத்துல அவ புருஷன் சொன்னதுக்கு 'ஏன்'னு ஒரு வாட்டி கேட்டு நான் பாத்ததில்ல.

ஜெ. தோசையை நகத்திட்டாரு. பசி போச்சாம். நான் சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு தோசை சொன்னேன், நெய் ஊத்தி. டேவிட் எழுந்து நின்னதுக்கு நான் ஏன் பட்டினி?

பங்காரப்பேட்டை வந்துடுச்சு. ஜெ.-வை எழுப்பணும்.

பிப்ரவரி 10, திங்கள்

உடம்பெல்லாம் வலி. வெயில் சுருக்குன்னு.

காலைல ட்ரெயின்ல டவர் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டேன். கீழ ஒண்ணும் எழுதல. சாயந்திரத்துக்குள்ள நூத்திப் பதினாலு பேரு பாத்துட்டாங்க. எனக்கு அத்தனை பேரைத் தெரியும்னே தெரியாது.

வந்தது: பாடகர் குழு எஸ்தர், சிரிப்பு பொம்மை. மஞ்சுளா, ஹார்ட்டு. பாஸ்டரம்மா, 'பிரஷர் மாத்திரை போட்டீங்களா?' யாரோ தெரியாத நம்பர், 'வெக்கமா இல்ல?' இல்லன்னு பதில் போட்டேன்.

ஃபிரேமை ஃபிரிட்ஜ் மேல வெச்சாச்சு.

பிப்ரவரி 12, புதன்

சுகுணா வந்தா. கையில கருவாட்டுக் குழம்பு டப்பா. டேவிட்தான் அனுப்பினதாம், நீ போய் பேசிப் பாருன்னு. அதை உள்ள வந்ததும் அவளே சொல்லிட்டா.

பேசுன்னேன். அவ ஃபிரிட்ஜ் மேல இருந்த போட்டோவைப் பாத்துக்கினு நின்னா. 

'அக்கா, மேல போனப்போ இன்னா தெரிஞ்சுது?'

ஒண்ணும் தெரியல, காத்துதான்னேன். பயமா இருந்துதான்னு கேட்டா. செத்துட்டேன்னு நெனச்சேன்னேன். அப்புறம்? அப்புறம் மறுபடி ஏறணும்னு தோணிச்சுன்னேன். ஜெ. மணி கேட்ட கதையைச் சொன்னேன், கம்பியைத் தட்டினதையும். சுகுணா சிரிச்சா பாரு, தரையில உக்காந்துட்டா. அவங்க அப்பாவும் எங்க ஊரு சுரங்கத்துக்காரரு, மைசூர் மைன்ஸ். குளிக்கப் போறப்பகூட பாத்ரூம் கதவை மூணு தட்டு தட்டிட்டுத்தான் போவாராம், ஆளு உள்ள கீது, வராதீங்கன்னு. ஒரு வாட்டி இவ தெரியாம தொறந்துட்டு வாங்கின அடியை இன்னும் மறக்கலையாம்.

பெங்களூருக்கு நீ எத்தினி வாட்டி போயிருக்கேன்னு கேட்டேன். நாலு. மூணு ஆஸ்பத்திரிக்கு, ஒண்ணு துக்கத்துக்கு.

எழுந்தப்போ சொன்னா, 'பேப்பர் எழுதிட்டாரு அக்கா. அவரு கையெழுத்து போட்டாச்சு. டிவி மேல வெச்சிருக்காரு, பேனாவோட.'

போடாதேன்னு கேட்டிருக்கலாம். கையைப் புடிச்சிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துது. ஆனா அவளையும் ஒருத்தர் மிரட்ட, ஒருத்தர் கெஞ்சன்னு நடுவுல நிக்க வெக்க எனக்கு இஷ்டம் இல்ல.

'உனக்கு இன்னா தோணுதோ அதைப் பண்ணு. நான் கேக்க மாட்டேன்'னேன்.

தலையாட்டினா. டப்பாவை மறந்துட்டுப் போயிட்டா. குழம்புல உப்பு கம்மி.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜெ.-யோட சண்டை. முதல் சண்டை. ட்ரெயின்ல, அதுவும் அத்தனை பேரு முன்னாடி.

ஈஸ்டருக்கு அப்புறம் வெச்சுக்கலாமேன்னாரு. யாரையும் எதுக்கு நோகடிக்கணும், இத்தனை வருஷம் இருந்தோம், இன்னும் ரெண்டு மாசம். எனக்கு வந்துது பாரு. ரெண்டு மாசம்னு யாரு சொன்னாங்க? உங்க அம்மாவுக்காக முப்பது வருஷம் காத்தீங்க, அப்புறம் சுரங்கம் மூடின செட்டில்மெண்டுப் பணத்துக்காகக் காத்தீங்க, எனக்காக பையைப் போட்டு பதினோரு வருஷம் காத்தீங்க, உங்களுக்குக் காத்திருக்கறதே ஒரு உத்தியோகமா? ஒயிட்ஃபீல்டு வந்துடுச்சு. இறங்கறப்போ பையை எடுத்துக்கினு, 'சரி, நீ சொல்றபடி'ன்னாரு.

நீ. கோவத்துலயும் கவனிச்சேன்.

பிப்ரவரி 15, சனி

பிளவுஸ் வந்துது. கை இறுக்கம்.

சுகுணாகிட்டேருந்து ஒண்ணும் இல்ல. ராணி சொல்றா, சுகுணா வீட்டுல ராத்திரி சத்தம் கேட்டுதாம், டேவிட் குரல் மட்டும்.

முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு சர்ச்சுக்குப் போறேன். கண்ணு படட்டும். என் பேரை வாசிக்கறப்போ நான் கேக்கணும். தடை சொல்றவன் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். ஜெ.-கிட்ட சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் குடுக்கணும்னாரு.

பிப்ரவரி 16, ஞாயிறு

மஞ்சள் சுடிதார். ஆமா, அதேதான்.

நான் உள்ள நுழைஞ்சதும் பாட்டு பாதியில தேஞ்சு போச்சு. எஸ்தர் மட்டும் விடாம பாடினா. பொம்பளைங்க பக்கம் முதல் பெஞ்சுல போய் உக்காந்தேன். ஜெ. ஆம்பளைங்க பக்கம், அவரும் முதல் பெஞ்சு. எப்பவும் கடைசித் தூண் பக்கத்துல இருக்குற மனுஷன். ராணி பின்னாடியிருந்து 'அடிப்பாவி'ன்னா.

பிரசங்கம் எதைப் பத்தின்னு கேட்டா சொல்லத் தெரியாது. 

அறிவிப்பு. பாஸ்டர் கண்ணாடியைத் தொடச்சாரு, ஓலையை எடுத்தாரு, என்னைப் பாத்தாரு. ஜெயசீலன், பேச்சிலர். கிரேஸ் மேரி, கை... ன்னு வந்து இருமினாரு. அந்த வார்த்தையை முழுங்கிட்டு மேல போயிட்டாரு. ரெண்டாம் முறை. தடை உண்டான்னு கேட்டாரு.

டேவிட் எழுந்தான். பேப்பர் கையில. நான் திரும்பி நேரா பாத்தேன். அவன் என்னைப் பாக்கல. முன்னாடி போய் குடுத்தான். பாஸ்டர் விரிச்சு ஒரு நிமிஷம் பாத்தாரு.

'ஒரு கையெழுத்துதான் கீது தம்பி.'

பேனாவை சட்டைப் பையிலேருந்து எடுத்துக்கினே டேவிட் எங்க பக்கம் திரும்பினான். 'இங்கயே என் பொண்டாட்டி போடுவா'ன்னான். எனக்குப் பின்னாடி நாலாவது பெஞ்சுல சுகுணா. 'சுகுணா, வா'ன்னான்.

ஒரு காலடிச் சத்தமும் இல்ல. இன்னொரு வாட்டி கூப்பிட்டான், கொஞ்சம் குரல் ஏத்தி.  நான் கண்ணை மூடிக்கினேன். அந்த டவர் உச்சில நின்ன மாதிரியே கால் ரெண்டும் காத்துல.

அப்போ பின்னாடி, அந்த நாலாவது பெஞ்சு மரத்துல விரல் முட்டி.

டொக். டொக். டொக்.

அவ்வளவுதான்.  சுகுணா வேற எதுவும் பேச வேண்டிய அவசியம் இல்ல, அந்த சர்ச்ல பாதிப் பேரு கூண்டுல இறங்கினவங்க, மீதிப் பேரு அவங்க பெத்ததுங்க. ஆம்பளைங்க பக்கம் ஏதோ ஒரு பெரியவரு, பழக்க தோஷம், 'ஆளு ஏறியாச்சு'ன்னு சத்தமாவே சொல்லிட்டாரு. யாரும் சிரிக்கல.

டேவிட்டும் சுரங்கத்துக்காரரு மகன்தான். அவனுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. பேனாவைப் பையில சொருகிக்கினாரு. அப்புறம் பேப்பரை வாங்கி நாலா மடிச்சுக்கினு போய் உக்காந்துட்டாரு.

பாஸ்டர் தண்ணி குடிச்சாரு. அடுத்த அறிவிப்புக்குப் போனாரு. வர்ற சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் சுத்தம் பண்ண ஆள் வேணும், யாரெல்லாம் வருவீங்கன்னு கேட்டாரு.

முதல் கை நான்தான் தூக்கினேன்.